ஏணியை ஓரமாகச் சாத்துங்கள்

இலக்கியக் கூட்டங்களில் ஒரு வாக்குமூலத்தை அடிக்கடி கேட்கலாம். பேச வந்தவர் மைக்கைச் சரிசெய்துகொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு தொடங்குவார்: "நானும் எல்லாரையும் போல ராஜேஷ்குமாரில்தான் ஆரம்பித்தேன். அப்புறம் சுஜாதா, பாலகுமாரன், ஜெயகாந்தன். இப்போது மௌனியை வாசிக்கிறேன்." கூட்டம் தலையாட்டும். குடியை விட்டவர் பழைய நாட்களைப் பற்றிப் பேசுகிற தொனி அது.

வாசிப்பு ஓர் ஏணி. கீழ்ப்படியில் மாத நாவல், உச்சியில் செவ்வியல். நல்ல வாசகன் ஏறிக்கொண்டே இருப்பான், ஏறிய பிறகு கீழே குனிந்து பார்க்க மாட்டான். ஆசிரியர் முதல் விமர்சகர் வரை நம்புவது இதைத்தான். "முதல் படியாகவாவது இருந்துவிட்டுப் போகட்டுமே" என்று சொல்பவர்கள், வெகுஜன எழுத்துக்குப் பரிந்து பேசுவதாகக்கூட நினைத்துக்கொள்கிறார்கள். இது பொய் நம்பிக்கை. பொய் என்பதோடு போயிருந்தால் விட்டிருப்பேன். கெடுதலும் செய்கிறது.

படி போட்டுத் தரம் பிரிப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. சேக்கிழார் புராணம் ஒரு கதை சொல்கிறது. அநபாய சோழன் சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான். சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிற கதை. மணநூல் என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. அமைச்சராக இருந்த சேக்கிழார், அது சமணர் கட்டிய பொய்க்கதை, படித்துப் பயனில்லை என்று அரசனைத் திருப்பினார். பெரியபுராணம் பிறந்தது அப்படித்தான் என்பது புராணத்தின் கூற்று. நடந்ததோ இல்லையோ, உள்ளே இருப்பது சமயச் சண்டை என்பதும் தெரிந்ததே. ஆனால் குற்றச்சாட்டைக் கவனியுங்கள்: சுவையாக இருக்கிறது, ஆகவே உருப்படாதது. மாத நாவலைப் பற்றி இன்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதே வாக்கியம்தான்.

கதை அங்கே முடியவில்லை. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று நீண்ட பட்டியலைச் சொன்னார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா, பட்டியலுக்கா பஞ்சம்? முதலியார் அசரவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை. அந்த ஒரு கேள்வியில் தொடங்கிய வேலை 1887இல் அச்சேறியது. அரசன் படிக்கக் கூடாது என்று தடுக்கப்பட்ட கதைப் புத்தகம் இன்று ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் பாடம். அன்று கற்றறிந்தோர் ஒப்பித்த அந்தாதிகளில் எத்தனைக்கு இன்று வாசகர் உண்டு? படிகளை எண்ணுகிறவர் எந்த நூற்றாண்டில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து மேல்படியும் கீழ்ப்படியும் இடம் மாறிவிடுகின்றன.

இக்காலத் தமிழில் மேல், கீழ் என்று கோடு போடுவது இன்னும் சிரமம். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில், நகைச்சுவைத் துணுக்குகளுக்கு நடுவே வந்த கதை. 'மோகமுள்' சுதேசமித்திரனில் தொடராக வந்தது. அடுத்த வாரத்துக்குக் காத்திருந்துதான் அதைப் படித்தார்கள். சுஜாதா குமுதத்தில் தொடர்கதை எழுதிய கையால்தான் இலக்கிய இதழான கணையாழியின் கடைசிப் பக்கத்தையும் எழுதினார். எந்தக் கையை எந்தப் படியில் வைப்பீர்கள்?

என் சித்தி வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பைண்டு வால்யூம் இருக்கிறது. பாட்டி காலத்துக் கல்கி இதழ்களிலிருந்து 'பொன்னியின் செல்வ'னைப் பிரித்தெடுத்து, மணியத்தின் படங்களோடு சேர்த்துத் தைத்தது. ஒரு வாரத்து இதழை யாரோ இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை. அந்த அத்தியாயம் இன்றுவரை இல்லை. சில பக்கங்களின் பின்புறம் டானிக் விளம்பரம். கல்கியை இலக்கியக் கணக்கில் சேர்க்கவே க.நா.சு. போன்ற விமர்சகர்கள் மறுத்தார்கள். அவர்கள் காரணங்களில் பாதியை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனாலும் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது அவர்கள் பக்கம் நிற்க எனக்கு மனம் வருவதில்லை.

அப்படியானால் எல்லாப் புத்தகமும் ஒன்றுதானா? இல்லவே இல்லை. 'அவரவர் ரசனை' என்று கைகழுவுவது ஏணியைவிடப் பெரிய சோம்பேறித்தனம். தரம் உண்டு, அதைப் பார்க்க அட்டையும் அலமாரியும் உதவாது, அவ்வளவுதான். நான் பார்க்கிற விதம் எளிது. படித்து முடித்த கதையை இன்னொருவருக்குச் சொல்லிப் பார்ப்பேன். சொன்னவுடன் புத்தகம் தீர்ந்துவிட்டதா, இல்லை சொல்ல வராத ஏதோ பாக்கி நிற்கிறதா?

'மோகமுள்'ளைச் சொல்லிப் பாருங்கள். தன்னைவிட மூத்த யமுனாவைப் பாபு விரும்புகிறான். தெருத் திண்ணை வம்புக்கு மேல் இதில் ஒன்றுமில்லை. ரங்கண்ணாவிடம் பாபு உட்கார்ந்து பாட்டுக் கற்றுக்கொள்கிற நேரங்களை எப்படிச் சொல்வீர்கள்? சொல்ல வராது, போய்ப் படி என்றுதான் சொல்ல வேண்டும். சுஜாதாவின் 'நகரம்' இன்னும் கெட்டி. காய்ச்சல் கண்ட மகள் பாப்பாத்தியை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் சேர்க்க வந்த வள்ளியம்மாள், சேர்க்க முடியாமல் ஊர் திரும்புகிறாள். செய்தித்தாளில் நாலு வரி. ஆனால் கையில் சீட்டை வைத்துக்கொண்டு, படிக்கத் தெரியாத அறிவிப்புப் பலகைகளுக்குக் கீழே அவள் அறை அறையாக அலைவதைப் படித்தவர்கள், அடுத்த முறை அரசு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வழி தெரியாமல் நிற்கும் முகங்களைக் கவனிப்பார்கள். முடிவு தெரிந்த பிறகும் நான் அதைப் பலமுறை படித்திருக்கிறேன்.

இதே அளவுகோலை மாத நாவலுக்கும் வைக்கிறேன். பெரும்பாலானவை கொலைகாரன் பெயரைச் சொன்னதும் முடிந்துபோகின்றன. ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேல் எழுதியவர். கோவையில் ரயில் ஏறினால் சேலத்துக்குள் ஒன்றை முடித்துவிடலாம். அப்படி முடிவதற்காகவே எழுதப்பட்டவை, அந்த வேலையை நாணயமாகச் செய்கின்றன. விருது வாங்கிய நாவல்களையும் இப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கிராமம் அழிகிறது, கிணறு வற்றுகிறது, கடைசியில் கிழவர் சாகிறார். தீர்ந்தது. மீதி முந்நூறு பக்கத்தைப் பின்னட்டைப் புகழுரை தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். கோடு இரண்டு அலமாரிகளுக்கு நடுவே இல்லை. ஒவ்வொரு அலமாரிக்குள்ளும் ஓடுகிறது.

கெடுதல் என்றேனே, அதற்கு வருகிறேன். சித்தி வாடகை நூலகத்திலிருந்து வாரம் மூன்று ரமணிசந்திரன் எடுப்பாள். படித்ததை மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, ஒரு நோட்டில் பெயரும் தேதியும் குறித்துவைப்பாள். எனக்கு அந்த நாவல்கள் பத்துப் பக்கத்துக்கு மேல் ஓடியதில்லை. இரண்டாவதைத் தொடங்கும்போது முதலாவதின் கதாநாயகன் மறந்துபோயிருப்பான். அது என் பாடு. ஆனால் ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேர் நடுவில், ஒருவன் அவளைக் கேட்டான்: "இன்னும் ரமணிசந்திரன்தானா சித்தி? ஏதாவது நல்லதாகப் படிக்கக் கூடாதா?" கேட்டதோடு நில்லாமல் கையிலிருந்த மௌனி கதைகளையும் நீட்டினான். சித்தி சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

அந்த ஒருவன் நான்தான். வயது இருபத்திரண்டு. மௌனி எனக்கே அப்போது பாதி புரியவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்துப் புத்தகம் பழைய செய்தித்தாளில் மடித்துக் கட்டித் திரும்பி வந்தது. அதன் பிறகு சித்தி வாடகை நூலகத்துக்கும் போகவில்லை. நோட்டு பாதியில் நிற்கிறது. மாலை வேளைகளுக்கு டிவி சீரியல் வந்துவிட்டது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பைண்டு வால்யூமை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டேன். கோடிக்கரையில் பூங்குழலி தனியாகப் படகு விடுகிற இடத்தைச் சித்தி அரை மணி நேரம் சொன்னாள். காணாமல்போன அந்த அத்தியாயத்தில் என்ன நடந்திருக்கும் என்று தானாகவே ஒரு கதை கட்டி வைத்திருக்கிறாள். அது கல்கி எழுதியது இல்லை. ஆனால் மோசமும் இல்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒரு புத்தகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார்கள். அட்டையைப் பார்த்து ஒன்றும் சொல்லாதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், எந்த இடம் பிடித்தது என்று கேளுங்கள்.