நாடு கடத்தினால் குற்றம் தீருமா?



கடந்த வாரம் எங்கள் பள்ளியின் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன், சக மாணவியின் பையிலிருந்து 3 வெள்ளியை எடுத்துச் சிற்றுண்டிச்சாலையில் உணவு வாங்கி உண்டான். கையும் களவுமாகப் பிடிபட்டான். செய்தி பரவியதும் பெற்றோர் சிலர் திரண்டு வந்தனர். "அவன வேற பள்ளிக்கு மாத்திடுங்க சார்" என்பதே அவர்களின் ஒருமித்த கோரிக்கை.

அதைக் கேட்டபோது, இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சிறுமியின் நினைவு எனக்கு வந்தது. அவள் பெயர் மேரி வேட். இலண்டன் தெருக்களைப் பெருக்கிப் பிச்சையெடுத்து வாழ்ந்தவள். பத்துப் பதினொரு வயதில், தன்னைவிடச் சற்றே மூத்த ஒருத்தியுடன் சேர்ந்து, தண்ணீர் எடுக்க வந்த 8 வயதுக் குழந்தையின் ஆடையைப் பறித்து விற்றாள். 1789 சனவரியில் நீதிமன்றம் அவளுக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பின்னர் அது நாடுகடத்தலாக மாற்றப்பட்டது. 1790 சூன் மாதம் அவள் சிட்னி வந்து சேர்ந்தாள்.

அவள் மட்டுமா? அமெரிக்கக் குடியேற்றங்கள் 1775இல் போரில் இறங்கியபின், பிரிட்டன் தன் குற்றவாளிகளை அங்கே அனுப்ப இயலவில்லை. சிறைகள் நிரம்பின. பழைய கப்பல்களையே சிறைகளாக்கினர். அதுவும் போதாமல் ஆஸ்திரேலியாவைத் தேர்ந்தெடுத்தனர். 1788 முதல் 1868 வரை 1,60,000க்கும் மேற்பட்டோர் அங்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திருட்டுக் குற்றவாளிகள்.

இதில் என் நெஞ்சை உறுத்தும் செய்தி ஒன்றுண்டு. 1790இல் நெப்டியூன், சர்பிரைஸ், ஸ்கார்பரோ ஆகிய 3 கப்பல்களில் ஏற்றப்பட்ட சுமார் 1,000 பேரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கடலிலேயே மாண்டனர். காரணம் என்ன? ஏற்றப்பட்ட தலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தக்காரருக்குப் பணம் பேசப்பட்டிருந்தது. உயிரோடு கரையேறினாலும், பிணமாகக் கடலில் வீசப்பட்டாலும் தொகை ஒன்றே. அனுப்பியதோடு கணக்கு முடிந்தது!

நாமும் அப்படித்தானே செய்கிறோம்? பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஒரு மாணவனின் இடமாற்றத்திற்கு நானே பரிந்துரைத்துக் கையொப்பமிட்டேன். வகுப்பு அமைதியானது. ஆனால், அவன் புதிய பள்ளிக்கு ஒழுங்காகச் சென்றானா, படிப்பை முடித்தானா என்று ஒருநாளும் நான் விசாரித்ததில்லை. என் கணக்கும் அன்றே முடிந்துவிட்டது.

"நாடு கடத்தப்பட்டவர்கள் பின்னாளில் நன்றாக வாழவில்லையா?" என்று கேட்பீர்கள். வாழ்ந்தனர். மேரி வேட் பெரிய குடும்பத்தின் தாயாகி 1859இல் மறைந்தார். 2007இல் ஆஸ்திரேலியப் பிரதமரான கெவின் ரட் அவருடைய வழித்தோன்றலே. ஆனால், அவரை உயர்த்தியது கப்பல் பயணமன்று; உழைக்க வேலையும், உண்ண உணவும், தனக்கென ஒரு குடும்பமும் கிடைத்ததே ஆகும். அவற்றை இலண்டனிலேயே கொடுத்திருக்கலாம் அல்லவா? மேலும், அந்தக் குடியேற்றத்திற்கு விலை கொடுத்தவர்கள் வேறு மக்கள். சிட்னிக் கரையில் காலங்காலமாக வாழ்ந்த காடிகல் மக்களை யாரும் கேட்கவில்லை. அவர்களின் நிலம் பறிபோனது. ஒருவரை வெளியேற்றும்போது நம் பொறுப்பு மறைவதில்லை. கேட்காமலேயே இன்னொருவர் தோளில் ஏறுகிறது.

பணத்தை இழந்த மாணவிக்கு நீதி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அந்த 3 வெள்ளி திரும்பக் கிடைக்க வேண்டும். அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆனால், அதே வேளையில், காலையில் அவன் ஏன் பசியோடு வந்தான் என்ற கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். அக்கேள்விக்கு இடமாற்றக் கடிதம் விடையாகாது.

அடுத்த வாரம் கட்டொழுங்குக் குழு கூடுகிறது. இம்முறை நான் கையொப்பமிடப் போவதில்லை. அவனை என் வகுப்பிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கூறவிருக்கிறேன்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? சிந்தியுங்கள். மீண்டும் சந்திப்போம்.