நூலக வரி எங்கே போகின்றது?



பசுமலையில் சொந்தமாகச் சின்ன வீடொன்று வைத்திருக்கும் தோழர் ஒருவர் சென்ற வாரம் நம்மிடம் வந்து, வீட்டுக்கு வரி, தண்ணீருக்கு வரி, சாக்கடைக்கு வரி, குப்பைக்கு வரி என்று வரிசையாகச் சொல்லி, "இனி மூச்சு விடுவதற்கு வரி போட வேண்டியதுதான் பாக்கி" என்று அலுத்துக்கொண்டார். "நூலகத்துக்கும் வரி கட்டுகிறீர்களே, அதை விட்டுவிட்டீர்களே" என்றோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். தாம் நூலகத்துக்குள் கால் வைத்தே இருபது வருஷம் ஆகிறதென்றும், அப்படி ஒரு வரி இருப்பதாக இதுவரை யாரும் தம்மிடம் சொன்னதில்லையென்றும் சொன்னார். அவர் ஒருவரை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் வரி கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த நிலைமையில்தான் இருக்கின்றார்கள். கொடுக்கிறவனுக்குத் தான் கொடுப்பது தெரியாவிட்டால், வாங்குகிறவன் எதற்காகக் கணக்குச் சொல்லப்போகிறான்?

ஆகையால் விஷயத்தை முதலில் இருந்தே சொல்லிவிடுகிறோம். சுதந்திரம் வந்த பிறகு இந்தியாவில் பொது நூலகத்திற்கென்று முதன்முதலாகச் சட்டம் செய்தது நமது சென்னை மாகாணம்தான். அது 1948-ஆம் வருஷத்துச் சட்டம். அவினாசிலிங்கம் செட்டியார் அப்போது கல்வி மந்திரி. நூலகத்துறையில் உலகப் பெயர் எடுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் இதற்காகப் பல வருஷம் பாடுபட்டவர். சட்டத்தின் சாரம் மிகவும் எளிது. பஞ்சாயத்தோ, நகரசபையோ, மாநகராட்சியோ வீட்டு வரி வசூலிக்கும்போது, அதோடு நூலக வரியையும் சேர்த்து வசூலிக்க வேண்டும். வசூலித்ததை அந்த ஜில்லாவின் நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆணைக்குழு அதைக்கொண்டு நூலகங்களை நடத்த வேண்டும். தொடக்கத்தில் குறைவாக இருந்த விகிதம் பிறகு உயர்த்தப்பட்டு, இப்போது ரூபாய்க்குப் பத்துப் பைசாவாக இருக்கின்றது. வரி 2,000 ரூபாய் என்றால் நூலகத்தின் பங்கு 200 ரூபாய்.

இந்தச் சட்டத்தில் நாம் மெச்சத்தக்க அம்சம் ஒன்று உண்டு. அதற்கு முன் நம் பக்கத்தில் புத்தகசாலை என்றால் அது ஒரு பிரபுவின் தர்மமாகவோ, ஒரு பாதிரியாரின் ஊழியமாகவோதான் இருந்தது. இதே பசுமலைக்கு அமெரிக்க மிஷன்காரர்கள் 1845-இல் திருமங்கலத்திலிருந்து தங்கள் கல்விச்சாலையைக் கொண்டுவந்தார்கள். 1881-இல் இங்கேதான் பின்னாளில் அமெரிக்கன் கல்லூரியாக மதுரைக்குப் போன கல்லூரியையும் தொடங்கினார்கள். அவர்கள் நோக்கம் மதம் பரப்புவது என்பது நமக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்து வாசனை இல்லாத சாதிகளின் பிள்ளைகள் கையில் அவர்கள் புத்தகத்தைக் கொடுத்தார்கள் என்பதை மறைப்பது யோக்கியமாகாது. பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவி அதிலும் ஒரு புத்தகசாலை வைத்தார். புலவர்களுக்கு அது பேருதவிதான். ஆனால் வைகைக் கரையில் துணி வெளுக்கிறவரின் மகனுக்கு அங்கே நாற்காலி போட்டிருப்பார்களா? 1948 சட்டம்தான், "யாரும் பிச்சை போட வேண்டாம், நீயே பணம் கட்டு, நீயே போய் உட்கார்ந்து படி" என்றது. அதனால்தான் அந்தப் பத்துப் பைசாவை நாம் மற்ற வரிகளோடு சேர்த்துப் பேசுவதில்லை.

நிற்க, அந்தப் பத்துப் பைசா போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருகின்றதா?

சென்னை மாநகராட்சி நூலக ஆணைக்குழுவுக்குக் கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருப்பதாகப் பல வருஷங்களாகப் பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டிருக்கின்றது. வெளியூர் நகரசபைகள், பஞ்சாயத்துகள் பேரிலும் இதே புகார் உண்டு. ஜனங்களிடம் வசூலித்தாகிவிட்டது, ஆனால் நூலகத்துக்குப் போகவில்லை. கேட்டால், "சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது, ரோடு போட வேண்டியிருக்கிறது, கையில் பணம் வந்தால் அனுப்புவோம்" என்கின்றார்கள். ஊர் சபைகளுக்குப் பணமுடை இருப்பது உண்மையே. ஆனால் மணியார்டர் கொண்டுவரும் தபால்காரர், "எனக்கும் வீட்டில் செலவு இருக்கிறது, மகள் கலியாணம் வருகிறது" என்று பணத்தைத் தம் பையில் போட்டுக்கொண்டால் அவரை நாம் கஷ்டப்படுகிற மனிதர் என்று விட்டுவிடுவோமா? நூலக வரி விஷயத்தில் ஊர் சபை வெறும் தபால்காரர். அந்தப் பணம் ஒரு நாளும் அதனுடையது அன்று.

இதை மதுரைவாசிகளுக்கு விளங்கும்படியாக வேறு ஒரு கணக்கோடு ஒப்பிட்டுச் சொல்லுகிறோம். மீனாட்சி கோயில் உண்டியலை எண்ணுகிறார்கள் அல்லவா? அதிகாரிகள் முன்னிலையில் எண்ணுகிறார்கள். பிறகு ரொக்கம் இவ்வளவு, தங்கம் இவ்வளவு கிராம், வெள்ளி இவ்வளவு, அந்நிய நாட்டு நோட்டு இத்தனை என்று பத்திரிகையில் போடுகிறார்கள். கல்லுக்குக் கொடுத்த காசுக்குக் கிராம் கணக்கு! அதை நாம் தப்பென்று சொல்லவில்லை. பொதுப்பணம் என்றால் அப்படித்தான் எண்ண வேண்டும். மனிதன் படிப்பதற்குக் கொடுத்த காசை எண்ணி, "இந்த வருஷம் நூலக வரி வசூல் இவ்வளவு, நூலகத்துக்கு அனுப்பியது இவ்வளவு, பாக்கி இவ்வளவு" என்று அதே பத்திரிகையில் ஒருநாள் விளம்பரம் வந்து நீங்கள் பார்த்ததுண்டா? சாமி காசில் கை வைத்தால் கண் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள், பிள்ளைகள் படிக்கிற காசு முடங்கிக் கிடந்தால் அதற்குத் தண்டனை கொடுக்க எந்தச் சாமியும் இல்லை என்று நன்றாகத் தெரிந்து வைத்திருக்கின்றார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நம்மைவிடப் பெரிய நாஸ்திகர்கள்!

மதுரைக்கு அருகில் உள்ள ஒரு நூலகத்துக்கு நாம் சென்றிருந்தோம். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் பழி அங்கே வேலை பார்க்கும் ஒற்றை நூலகர் தலையில் விழும். கூரையில் ஒழுக்கு. அலமாரியில் ஜோதிடம், வாஸ்து, தலபுராணம் வகையறாக்கள் நிமிர்ந்து நின்றன. விஞ்ஞானப் புத்தகம் கேட்டோம், அட்டை கிழிந்த பழைய புத்தகம் ஒன்று வந்தது. மூலையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. துணி போட்டு மூடியிருந்தது. துணியை எடுத்தால், அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும்! ஆயுத பூஜைக்கு வைத்ததாம். அந்த யந்திரத்தை மனிதர் யாராவது தொட்டதற்கு அது ஒன்றுதான் அடையாளம். இண்டர்நெட் இணைப்பு போய்ப் பல மாதம் ஆயிற்று என்றும், பழுது பார்க்க எழுதிப்போட்டிருப்பதாகவும் நூலகர் சொன்னார். சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைப் படிக்காமல் அடுக்கி வைத்துக் கும்பிடும் மூடத்தனத்தை நாம் எத்தனையோ தரம் கண்டித்திருக்கின்றோம். வருஷத்துக்கு ஒருநாள் செய்தால் அது பூஜை. வருஷம் முழுவதும் செய்தால் அதற்கு நிர்வாகம் என்று பெயர் போலும்!

இதோடு ஒரு பழைய சம்பவத்தை நினைத்துப் பாருங்கள். 1931-இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசல் என்னும் கிராமத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் ஒரு மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வரியில்லை, சட்டமில்லை, மின்சாரமில்லை. இரண்டு மாடும் ஒரு வண்டியும்தான் அன்றைய தொழில்நுட்பம். புத்தகம் குடியானவன் வாசலுக்குப் போயிற்று. இன்றைக்குச் சட்டம் இருக்கிறது, வரி இருக்கிறது, தமிழ்நாட்டில் நாலாயிரத்து அறுநூறுக்கு மேல் பொது நூலகங்கள் இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்களை யாரும் காசில்லாமல் படிக்கலாம். ஆனால் அந்த மின்னூலகத்துக்கும் நாம் சொன்ன ஊருக்கும் நடுவில் அறுந்துபோன ஒரு கம்பி கிடக்கின்றது. அதைச் சேர்த்துக் கட்ட எவ்வளவு ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் இப்போது கைப்பேசியில் வந்துவிட்டதே, நூலகத்துக்கு யார் போகிறார்கள்?" என்று சில படித்த கனவான்கள் கேட்கின்றார்கள். இவர்கள் ஒரு நாள் காலையில் சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்துக்குப் போய் எட்டிப் பார்க்கட்டும். சர்க்கார் வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் அங்கே வருகின்றார்கள். அவர்களில் அநேகர் ஒரே அறையில் அய்ந்து பேர் படுத்து எழும் வீட்டிலிருந்து வருகிறவர்கள். கைப்பேசி புத்தகத்தைக் கொடுக்கலாம். நாற்காலியும், வெளிச்சமும், நாலு மணி நேரம் ஒருவரும் ஏவாத அமைதியும் அது கொடுக்குமா? அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, "அடுப்பைப் பார், தம்பியைப் பார்" என்ற குரல் எட்டாத இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? வீட்டில் தனி அறையும் மேஜையும் உள்ளவர்கள் நூலகம் தேவையில்லை என்று சொல்லுவது, வயிறு நிறைந்தவன் பசி ஒரு மூடநம்பிக்கை என்று சொல்லுவது போன்றது.

நம்முடைய பாட்டன் காலத்தில் "நீ படிக்காதே" என்று சாஸ்திரம் சொல்லிற்று. நாம் அந்த சாஸ்திரத்தைக் கொளுத்தினோம். இப்போது அதே வார்த்தையைச் சாஸ்திரம் சொல்லவில்லை, பூட்டு சொல்லுகிறது. 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் என்ற பெயரால் தமிழ்நாட்டில் பஞ்சாயத்துக்கு ஒரு நூலகம் என்று பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கட்டினார்கள். மிக நல்ல எண்ணம். ஆனால் பார்த்துக்கொள்ள வைத்தவருக்குச் சொற்பப் படி, பிறகு ஆட்சி மாற்றம். அவற்றில் பல வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. சாவி யாரிடம் இருக்கிறது என்பதே சில ஊர்களில் புராண ஆராய்ச்சி ஆகிவிட்டது.

மதுரையில் புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15-ஆம் தேதி கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடம். குழந்தைகளுக்குத் தனிப்பகுதி, பார்வையற்றோருக்குத் தனிப்பகுதி எல்லாம் உண்டு. கோயிலுக்குப் பெயர்போன ஊரில் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகள் புத்தகம் பார்க்கப் போவதைக் கண்டு நாம் அடைந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. கோவையில் அய்யா பெயரால் ஒன்று கட்டப்போவதாக 2024-இல் அறிவித்தபோதும் நாம் மகிழ்ந்தோம். ஆனால் நம்மவர் என்பதற்காகக் கேட்க வேண்டியதைக் கேட்காமலிருக்க முடியாது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குச் சுமார் 40 கிலோமீட்டர். நாள்கூலி வேலைக்குப் போகிறவன் சாயங்காலம் ஆறு மணிக்குக் கை கழுவிவிட்டு நத்தம் ரோட்டுக்குப் போய்ப் படித்துவிட்டுத் திரும்ப முடியுமா? அவனுக்கு வேண்டியது அவன் தெருமுனையில் ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கும் ஒரு அறை. பெரிய நூலகத்துக்கு மந்திரி வருவார், படம் எடுப்பார்கள். அதற்கு ஆபத்து வந்தாலும் நாடே கேட்கும். 2011-இல் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியாக மாற்றப்போவதாக அறிவித்தபோது, பொதுஜனங்கள் ஹைக்கோர்ட்டுக்குப் போய் அதைக் காப்பாற்றினார்கள். தெருமுனை நூலகம் ஓசையில்லாமல் மூடப்படுகிறது. அதற்காக எந்தக் கோர்ட்டில் எவர் போய் நிற்கிறார்?

ஆகவே இந்த வேலையை வரி கட்டுகிறவர்களே செய்ய வேண்டும். கூட்டம் போட்டுப் பேசிக் கலைவதில் பிரயோஜனமில்லை. 2005-ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டி யாரும் மனுப் போடலாம். முப்பது நாளைக்குள் பதில் தர வேண்டும். ஒரு மனுவை உங்கள் மாநகராட்சிக்கோ, நகராட்சிக்கோ, பஞ்சாயத்துக்கோ அனுப்புங்கள்: சென்ற அய்ந்து வருஷத்தில் நூலக வரி வருஷவாரியாக எவ்வளவு வசூலாயிற்று, எவ்வளவு நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பினீர்கள், எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், பாக்கி எவ்வளவு என்று. மற்றொன்றை மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்புங்கள்: இந்த ஊரிலிருந்து உங்களுக்கு வந்தது எவ்வளவு, அதில் புத்தகத்துக்கு எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, எந்தெந்தக் கிளையில் கம்ப்யூட்டர் இணைப்பு இன்று வேலை செய்கிறது என்று. பசுமலைத் தோழர் தமது மனுவை எழுதி, ஸ்டாம்பும் ஒட்டிவிட்டார். மற்ற ஊர்த் தோழர்களும் அனுப்பி, இரண்டு பதில்களும் வந்தவுடன் நமக்கு நகல் எடுத்து அனுப்பினால், உண்டியல் கணக்குப் போடுவது போலவே ஊர்வாரியாக இப்பத்திரிகையில் பிரசுரிப்போம்.