பேரீச்சைத் தோப்புக்குள் நுழைந்த எல்லைக்கோடு!

தாத்தா நட்ட மரம். அப்பா தண்ணீர் பாய்ச்சி வளர்த்த மரம். திடீரென ஒருநாள், ‘இனி இந்தப் பக்கம் வராதே’ என்று ராணுவம் சொன்னால் எப்படி இருக்கும்? 2021 மார்ச் மாதம் ஃபிகீக் விவசாயிகளுக்கு அதுதான் நடந்தது.

ஃபிகீக், மொராக்கோவின் கிழக்குக் கோடியில் இருக்கும் பாலைவனச் சோலை. மூன்று பக்கமும் அல்ஜீரியா. அமசிக் மொழி பேசும் மக்கள், கஸர் எனப்படும் ஏழு பழைய மண் கோட்டைக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். சுற்றிலும் பேரீச்சைத் தோப்புகள். இங்கு விளையும் ‘அசீசா’ ரகப் பேரீச்சைக்குத் தனி மவுசு.

மழை அபூர்வம். ஊற்று நீரை நிலத்தடிச் சுரங்கங்கள் வழியே தோப்புக்குக் கொண்டுவருகிறார்கள். யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர்? முன்பெல்லாம் அடியில் ஓட்டையிட்ட செப்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். அது நிரம்பி மூழ்கும் நேரம்தான் கணக்கு. இங்கே நிலத்தைப் போலவே தண்ணீர்ப் பங்கும் சொத்து. விற்கலாம், வாங்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்.

இவ்வளவு கணக்காக வாழ்ந்தவர்களுக்கு, எல்லையை மட்டும் யாரும் கணக்காகப் போட்டுக் கொடுக்கவில்லை.

1845 மார்ச் 18-ல் மொராக்கோவும், அப்போது அல்ஜீரியாவைப் பிடித்து வைத்திருந்த பிரான்ஸும் லல்லா மக்னியா ஒப்பந்தம் போட்டன. வடக்கே எல்லையை வரைந்தார்கள். தெற்கே பாலைவனம், உழவே இல்லாத நிலத்துக்குக் கோடு எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ஃபிகீக் மொராக்கோவுக்கு என்று எழுதினார்கள். அதன் தோப்புகள் எதுவரை என்று எழுதவில்லை.

1963-ல் இரு நாடுகளும் எல்லைக்காகப் போரே நடத்தின. 1972-ல் புதிய ஒப்பந்தம் வந்தது. அதன்படி அல் அர்ஜா என்ற தோப்புப் பகுதி அல்ஜீரியாவுக்குள் போனது. ஆனாலும் ஃபிகீக் குடும்பங்கள் அங்கே போய் விவசாயம் செய்வதை யாரும் தடுக்கவில்லை. 1994-ல் தரைவழி எல்லையை மூடிய பிறகும் அது தொடர்ந்தது.

எல்லாம் 2021 வரைதான். போதைப்பொருள் கடத்தலைக் காரணம் காட்டிய அல்ஜீரியா, தோப்பைக் காலி செய்யச் சொல்லிக் கெடு விதித்தது. அந்தக் கெடு நாள் என்ன தெரியுமா? மார்ச் 18. ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சரியாக 176 ஆண்டுகள்!

கொடுமை என்னவென்றால், அது மகரந்தச் சேர்க்கைக் காலம். பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. நல்ல விளைச்சல் வேண்டுமென்றால், மனிதர்களே மரமேறி ஆண் பூவைப் பெண் பூங்கொத்தில் சேர்க்க வேண்டும். புதிதாக ஒரு கன்று நட்டால், காய்க்கவே பல வருடங்கள் ஆகும்.

2023 இறுதியில், ஊர்த் தண்ணீர் விநியோகத்தை வெளி நிறுவனத்திடம் கொடுக்க நகராட்சி முடிவெடுத்தபோது, ஃபிகீக் பெண்கள் வெள்ளை ஹைக் போர்த்திக்கொண்டு கூட்டம் கூட்டமாகத் தெருவுக்கு வந்தார்கள். தோப்பு கைவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள், தண்ணீரையும் விட்டுவிடுவார்களா என்ன?