ரிலேக்கு நாலு பேர் வேண்டும்

புரட்டாசி பிறந்தால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்க ஆரம்பித்துவிடும். உறைவிடப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். குறுவட்டப் போட்டிகள் ஜூலை, ஆகஸ்டோடு முடிந்துவிடும். அதில் ஜெயித்தவர்கள் மாவட்டத்துக்குப் போக வேண்டும், அங்கிருந்து மாநிலத்துக்கு. தடகளமும் கால்பந்தும் சூடு பிடிப்பது செப்டம்பரிலிருந்து நவம்பருக்குள்தான். காலாண்டுத் தேர்வு, பூஜை விடுமுறை, தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்புவது எல்லாம் வருவதும் அதே மாதங்களில்தான். போதாக்குறைக்கு வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டில் ஒரு வருடத்தில் பெய்யும் மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது.

மழையோடு எனக்குச் சண்டை இல்லை. எங்கள் மைதானத்தில் 400 மீட்டர் ட்ராக்குக்கு இடம் கிடையாது, 200 மீட்டர்தான். அதையாவது ஒழுங்காகப் போட வேண்டும் என்று பார்ப்பேன். ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். வெளித் தடத்துக்குப் போகப் போக வளைவில் தூரம் கூடும் என்பதால், புறப்படும் கோட்டை முன்னுக்குத் தள்ளிப் போட வேண்டும். ஒரு முழுச் சுற்று ஓட்டத்தில் இரண்டாம் தடத்துப் பையன் முதல் தடத்துப் பையனைவிட ஏழு மீட்டர் முன்னால் நிற்பான். கயிறு பிடித்து, டேப் வைத்து அளந்து, ஆணி அடித்து, சுண்ணாம்புப் பொடி தூவி முடிக்க அரை நாள் ஆகும். ராத்திரி ஒரு மழை அடித்தால் காலையில் ஆணி மட்டும்தான் மிச்சம். மறுபடி போடுவேன். அது என் வேலை. இடி இடித்தால் பிள்ளைகளை உடனே உள்ளே அனுப்புவதும் என் வேலைதான். ஆனால் மழை விட்ட மறுநாள், மண் இறுகி, வெயிலும் உறைக்காமல், ஓடுவதற்கென்றே அமைந்த மாதிரி ஒரு சாயங்காலம் வரும் பாருங்கள், அன்றைக்கு மைதானத்தில் பிள்ளைகள் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

எங்கே என்று கேட்டால் கெமிஸ்ட்ரி ஸ்பெஷல் கிளாஸ். அது இல்லையென்றால் ஸ்லிப் டெஸ்ட். அதுவும் இல்லையென்றால் ஸ்லிப் டெஸ்ட்டில் மார்க் குறைந்தவர்களுக்கு ரீ-டெஸ்ட்.

ரிலேயை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 4×100 மீட்டரில் பேட்டன் கைமாற 30 மீட்டர் இடம் உண்டு. கொடுப்பவனும் வாங்குபவனும் அந்த இடத்துக்குள் ஒரே வேகத்துக்கு வந்துவிட வேண்டும். வாங்குபவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. கொடுக்க வருகிறவன் தரையில் வைத்த அடையாளத்தைத் தாண்டிய கணத்தில் இவன் கிளம்ப வேண்டும், குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்ட வேண்டும். அந்த அடையாளத்தை எத்தனை அடி தள்ளி வைப்பது என்பது அந்த இரண்டு பேரின் கால்களுக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு. ஒருவனுக்குப் பதிலாக வேறொருவனை நிறுத்திப் பழகினால் கணக்கே தப்பிவிடும். திரும்பத் திரும்ப ஓடி, தவறவிட்டு, அடையாளத்தை அரை அடி முன்னால் நகர்த்தி, பின்னால் நகர்த்தி, அப்படித்தான் அது கூடி வரும்.

திங்கட்கிழமை முதலாமவனுக்கு பயாலஜி டெஸ்ட். செவ்வாய்க்கிழமை மூன்றாமவனைக் கணக்கு சார் பிடித்து வைத்துக்கொள்கிறார். புதன்கிழமை மழை. வியாழக்கிழமை கடைசி ஆளுக்கு வார்டனிடம் ஏதோ பஞ்சாயத்து. ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, "ஒரே ஒரு பையனைத்தான் சார் நிறுத்தினேன், மீதி மூணு பேர் இருக்காங்களே" என்று நல்லபடியாகத்தான் சொல்கிறார்கள். மூன்று பேரை வைத்துக்கொண்டு ரிலே எப்படிப் பழக்குவது? ஒருவனை நிறுத்தினால் நாலு பேருக்கும் அன்றைய நாள் போயிற்று. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

ஒரு வருடம் மாவட்டப் போட்டியில் எங்கள் பையன்களை அடிக்க ஆளே இல்லை. மூன்றாவது மாற்றத்தில் பேட்டன் கோட்டைத் தாண்டிப் போய்க் கைமாறியது, தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து பழகவே இல்லை. ஊர் திரும்பியதும் கடைசியாக ஓடிய பையனிடம், "பரவாயில்ல தம்பி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்னார்கள். அடுத்த வருடம் அவன் பிளஸ் டூ. எங்கள் பள்ளியில் பிளஸ் டூ மாணவன் மைதானத்தில் கால் வைக்க அனுமதி கிடையாது.

கால்பந்தும் இப்படித்தான். பள்ளிப் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். ஒரு மேட்ச் தோற்றால் வேனில் ஏறித் திரும்ப வேண்டியதுதான். தடுப்பாட்டத்தில் நிற்கும் நாலு பேரும் ஒரே வரிசையாக முன்னேறிப் பின்வாங்கத் தெரிந்திருந்தால்தான் எதிரணிக்காரனை ஆஃப்சைடில் பிடிக்க முடியும். பதினொரு பேரையும் நான் ஒருசேரப் பார்ப்பதே போட்டிக்கு முந்தின நாள்தான். ஜூலையில் ஆடிய பழக்கத்தை வைத்துக்கொண்டே அக்டோபரில் மாவட்டத்துக்குப் போகிறோம்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. மார்க் குறைந்தால் முதலில் பிடுங்குவது விளையாட்டைத்தான். மெஸ்ஸில் சாப்பாட்டை நிறுத்துவார்களா? தூக்கத்தை நிறுத்துவார்களா? விளையாட்டை மட்டும் சலுகை என்று நினைக்கிறார்கள். அதிலும் யார் மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். இயற்பியலில் தடுமாறுகிற பையன், வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்லத் தெரியாமல் முழிக்கிற பையன், மைதானத்துக்கு வந்தால் அவன் ராஜா. நாள் முழுக்க அவன் தலை நிமிர்ந்து நிற்பது அந்த ஒரு மணி நேரம்தான். அதைப் பறித்து அதே இயற்பியலின் முன்னால் உட்கார வைத்தால் படித்துவிடுவானா? எனக்குத் தெரிந்து அப்படி மார்க் ஏறின பையன் ஒருவனும் இல்லை. சுருங்கிப் போனவர்கள் உண்டு.

வீட்டிலிருந்து வந்து போகிற பிள்ளை என்றால் தெருவில் ஆடிக்கொள்ளும், அண்ணனோடு சண்டை போடும், கடைக்கு ஓடும். விடுதிப் பிள்ளைக்கு எங்கள் மைதானத்தை விட்டால் வேறு இடமே இல்லை. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருபத்து நாலு மணி நேரமும் எங்கள் கையில் இருக்கிற பிள்ளைகளுக்கு அந்த 60 நிமிடத்தைக் கொடுக்க எங்களால் முடியவில்லை என்றால் எப்படி ஒப்புக்கொள்வது?

ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சின்னப் பையன்கள் அழுவது பெரும்பாலும் சாயங்காலத்தில்தான். வெளிச்சம் மங்குகிற அந்த நேரத்தில்தான் அம்மா ஞாபகம் வரும். அந்த நேரத்தில் ஒரு பந்தும் கூட ஓட நாலு பேரும் இருந்தால் அழுகிற பிள்ளை அழாது. சேறும் சகதியுமாக வந்து, பசிக்கிறது என்று கத்தி, சாப்பிட்டதும் தூங்கிவிடும். இதை நான் வருடா வருடம் பார்க்கிறேன். வார்டன்களும் பார்க்கிறார்கள். தெரிந்துகொண்டே ஸ்டடி ஹவரை ஐந்து மணிக்கு இழுத்து வைக்கிறார்கள்.

பெண் பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். ஆறு மணிக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். ஸ்பெஷல் கிளாஸ் முடியவே ஐந்தரை ஆகிவிடும். இதற்கு நடுவில் வீட்டிலிருந்து போன்: "வெயில்ல கறுத்துப் போயிடுவா சார், வேற ஏதாவது இன்டோர் கேம்ல போடுங்களேன்." தமிழ்நாட்டுப் பெண்கள் அணி கால்பந்தில் தேசிய சாம்பியன் பட்டத்தை 2018-இல் மணிப்பூரைத் தோற்கடித்து வாங்கியது, 2023-இல் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் வாங்கியது. எங்கள் பள்ளியில் ஒரு பெண் இடது காலால் அடிக்கிற கார்னரைப் பார்த்தால் உங்களுக்குக் கண் நிறையும். இந்த சீசனில் அவள் மைதானத்துக்கு வந்த நாட்கள் மிகக் குறைவு.

சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் சேறான ஜெர்சி காய்வதே இல்லை. சலவைக்காரர் வாரத்துக்கு இரண்டு முறைதான் வருகிறார். ஈர உடுப்போடு ஓடித் தொடையெல்லாம் உரசிப் புண்ணாகி வருகிறார்கள். ஆறு மணிக்குப் பசியோடு வருகிற பிள்ளைக்கு எட்டு மணி வரை மெஸ் திறக்காது. இரண்டு வாழைப்பழம், ஒரு முட்டை, கொஞ்சம் சுண்டல் போதும் என்று கேட்டால், "மத்த பிள்ளைங்களும் கேட்பாங்க சார்" என்கிறார்கள். கேட்கட்டுமே, எல்லோருக்கும்தான் கொடுங்களேன்.

பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நகையை அடகு வைத்து ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கு நீட் மார்க்தான் கண்ணுக்குத் தெரியும். அவர்களிடம் பேசும்போது நானும் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீதத்தைப் பற்றியும், பொறியியல் கலந்தாய்வில் உள்ள தனி ஒதுக்கீட்டைப் பற்றியும்தான் சொல்கிறேன். அதைச் சொன்னால்தான் காது கொடுத்துக் கேட்கிறார்கள். ஆனால் ஒதுக்கீட்டுக்காகவா பிள்ளை ஓட வேண்டும்? ஒன்றும் கிடைக்காவிட்டாலும் ஓட வேண்டிய வயது இது. பள்ளி நிர்வாகத்துக்கு இது தெரியாததில்லை. அட்மிஷன் சமயத்தில் ஊரெங்கும் வைக்கிற பேனரைப் பாருங்கள், பாதி இடத்தில் பந்தை உதைக்கிற பையனும் ஹர்டில்ஸ் தாண்டுகிற பெண்ணும்தான் இருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கிற பையன் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறான். அவனை மைதானத்துக்கு அனுப்பச் சொல்லி நான் வகுப்பு வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கரெஸ்பாண்டென்ட்டிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நவம்பர் பாதி வரைக்கும் நாலரையிலிருந்து ஐந்தே முக்கால் வரை அணியில் இருக்கிற யாருக்கும் வகுப்பும் கிடையாது, டெஸ்ட்டும் கிடையாது. டெஸ்ட் வைத்தே தீர வேண்டுமென்றால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் வையுங்கள், அந்த ஒரு நாளை நான் விட்டுக்கொடுக்கிறேன். மார்க்கைக் காரணம் காட்டி யாரையும் நிறுத்தக் கூடாது. பெண் பிள்ளைகளுக்கும் அதே நேரம். பயிற்சி முடிந்ததும் சாப்பிட ஏதாவது. இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். "பார்க்கலாம் சார், கோஆர்டினேட்டரைக் கலந்து சொல்றேன்" என்றார். மாவட்டப் போட்டிக்குத் தேதி வந்துவிட்டது. தீபாவளிக்குப் போய்விட்டுப் பிள்ளைகள் திரும்பி வந்த பிறகு கலந்து பேசி எனக்கு என்ன பிரயோஜனம்? சொல்வதை இந்த வாரமே சொல்லுங்கள் சார்.