பாத்திரம் கழுவும் இயந்திரமும் மாஹிம் தண்ணீரும்

“பாத்திரம் தேய்க்க மிஷின் வாங்கினோம். இப்போது மிஷினில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை, வெளியே எடுத்த பிறகு ஒரு தடவை என்று இரண்டு தடவை தேய்க்கிறோம்.” மாஹிம், மாதுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் புலம்பல் இது. புலம்புகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அதைக் கேட்டும் கேளாதது போல் பேப்பர் படித்துக் கொண்டிருப்பவர்கள் யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் புலம்பல் இப்போது பெருகியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் ஹவுசிங் சொசைட்டிகள் கேட்டை இழுத்து மூடின. வீட்டு வேலைக்கு வந்து கொண்டிருந்த பெண்கள் மாதக்கணக்கில் உள்ளே வர முடியவில்லை. அவர்களில் எத்தனையோ பேர் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவியிலிருந்து வரும் நம் தமிழ்ப் பெண்கள்தாம். அதுவரை பணக்கார வீட்டுப் பண்டமாக இருந்த டிஷ்வாஷர், அந்த ஆண்டுதான் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களின் அடுக்களைக்குள் நுழைந்தது. அந்த இயந்திரங்களுக்கு இப்போது ஐந்தாறு வயது. உத்தரவாதக் காலம் முடிந்து விட்டது. டம்ளரில் வெள்ளைப் படலம், தட்டில் நறநறவென்று மண் போல ஏதோ ஒன்று, கிண்ணத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. போன் செய்தால் வருகிற மெக்கானிக் கதவைத் திறந்து பார்த்து, மூடி, “பழைய மாடல் ஆன்ட்டி, எக்ஸ்சேஞ்சில் புதிது எடுத்துக் கொள்ளுங்கள்” என்கிறார்.

எடுத்துக் கொள்ளாதீர்கள் என்பதுதான் என் கட்சி. சரியாகக் கழுவவில்லை என்ற ஒரே புகாருக்காக ஓர் இயந்திரத்தைக் கழித்துக் கட்டுவதற்கு முன்னால், நம் தண்ணீரையும் நம் சமையலையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது? உள்ளே குளம் போல் தண்ணீர் நிரம்பிப் பாத்திரங்கள் முங்கிக் குளிப்பதாகப் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. அடித்தட்டில் சில லிட்டர் தண்ணீர்தான் தேங்குகிறது. அதைச் சூடாக்கி, ஒரு பம்பு உறிஞ்சி, சுழலும் இரண்டு மூன்று கைகளின் துளைகள் வழியாகப் பீய்ச்சுகிறது. பாத்திரத்தில் பட்டு வழியும் தண்ணீர் வடிகட்டி வழியாக அடித்தட்டுக்கு வந்து, மறுபடியும் மேலே போகிறது. இன்றைய இயந்திரங்களில் முழுச் சுற்றுக்கும் ஏறக்குறைய 10 லிட்டர்தான் செலவு. குழாயைத் திறந்து விட்டுத் தேய்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அதே தண்ணீர் திரும்பத் திரும்ப வருவதால், வடிகட்டி அடைத்துக் கொண்டால் நேற்றைய சாம்பாரையே இன்றைய தட்டுக்கு அபிஷேகம் செய்து கொண்டிருக்கும்.

இந்த இயந்திரத்துக்கு 1886-இல் காப்புரிமை பெற்றவர் ஜோசஃபின் காக்ரேன் என்ற அமெரிக்கப் பெண்மணி. வேலையாட்கள் கழுவும்போது தம் பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைந்து போகிறதே என்ற ஆதங்கத்தில் உருவாக்கினார் என்பார்கள். 1893-இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. அந்த அம்மையார் ரசம் வைத்த ஈயச் சொம்பையோ, அடிப்பிடித்த பால் பாத்திரத்தையோ கண்டிருக்க மாட்டார். நம் வீட்டுத் தட்டில் மிச்சமிருப்பது கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், மிளகாய்க் காம்பு, சோற்றுக் கஞ்சி. இவையெல்லாம் போய்ச் சேரும் இடம் அடித்தட்டில் இருக்கும் அந்த வடிகட்டி. அதைத் திருகினால் கையோடு வந்து விடும். வாரம் ஒரு முறை எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். திரும்பப் பொருத்தும்போது சரியாகத் திருகிப் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் இடுக்கு வழியாகக் கடுகு மேலேறி விடும்.

கடுகு என்ன செய்யும் என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். மேல் தட்டில் வைத்த டம்ளர்கள் மட்டும் வைத்தது வைத்தபடியே வெளியே வந்தன. வந்து பார்த்த மெக்கானிக் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பி விட்டு, கையேட்டைப் பார்த்து மேல் கையைக் கழற்றினேன். குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். துளைகளில் கடுகு, ஒரு துளையில் மிளகாய் விதை. ஒரு பல்குத்தும் குச்சி, அரை மணி நேரம், வேலை முடிந்தது. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்குக் கொடுத்திருக்கும் பயிற்சி அவ்வளவுதான், மேலிடத்திலிருந்து வரும் நெருக்கடியும் இருக்கும்.

இனி தண்ணீர். மும்பை மாநகராட்சி தரும் தண்ணீர் பாட்சா, தான்சா, வைதரணா முதலிய ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது. மழை நீர், மென்மையானது. அது மட்டும் வந்தால் தொல்லை குறைவு. ஆனால் கோடையில் நிலைமை என்ன? சொசைட்டி டாங்கரைக் கூப்பிடுகிறது. டாங்கரில் வருவது கிணற்று நீர். 2025 ஏப்ரலில் டாங்கர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நகரத்தில் எத்தனை கட்டடங்கள் அவர்களை நம்பியிருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்தது. மாஹிமோ ஒரு பக்கம் விரிகுடா, ஒரு பக்கம் மிட்டி ஆற்றின் கழிமுகம் என்று உப்பு நீர் சூழ்ந்த இடம். இங்கே நிலத்தடி நீர் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மொட்டை மாடித் தொட்டியில் ஏரி நீரோடு கிணற்று நீரும் கலந்தால், ஜனவரியில் பளபளத்த டம்ளர் மே மாதத்தில் சுண்ணாம்பு அடித்தது போல் ஆகிவிடும். இயந்திரம் அதேதான், தண்ணீர்தான் வேறு.

இதற்காகவே இயந்திரத்துக்குள் தண்ணீரை மென்மையாக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அதற்குத்தான் உப்புப் போடுகிறோம். பாத்திரத்தைக் கழுவ உப்பு எதற்கு என்று போடாமலே விட்டவர்கள் உண்டு. தண்ணீரின் கடினத்துக்கு ஏற்ப அந்தப் பகுதியின் அளவையும் கூட்டிக் குறைக்க வேண்டும். இயந்திரத்தை மாட்டிய அன்று வைத்த எண்ணிலேயே ஐந்து வருடமாக ஓடிக் கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். டாங்கர் வரும் மாதங்களில் ஏற்றி, மழைக்காலத்தில் இறக்கிவிட வேண்டியதுதான். அதற்கென்று விற்கும் உப்பையே வாங்குங்கள். சமையல் உப்பில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் அந்தப் பகுதிக்கு ஆகாது.

வெள்ளைப் படலம் சுண்ணாம்புதானா என்று அறிய எளிய வழி இருக்கிறது. டம்ளரில் கொஞ்சம் வினிகரைத் தடவிப் பாருங்கள். மறைந்தால் சுண்ணாம்பு. எலுமிச்சை உப்பு (நம் கடைக்காரரிடம் ‘நிம்பு கா பூல்’ என்று கேளுங்கள்) போட்டு இயந்திரத்தைக் காலியாக ஒரு சூடான சுற்று ஓட விட்டால் உள்ளே படிந்திருப்பதும் கரையும். வினிகருக்கும் மறையாவிட்டால் கண்ணாடியே அரித்துப் போயிற்று என்று அர்த்தம். அதற்கு மருந்தில்லை.

மேல் மாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். தொட்டிக்கு நேர் கீழே குடியிருப்பவர் வீட்டுக் குழாயில் அரை பார் கூட இருக்காது. பல இயந்திரங்களின் கையேட்டில் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வேண்டும் என்று போட்டிருக்கும். அதே மாடல் முதல் மாடியில் ஜோராக ஓடுவதும் ஏழாம் மாடியில் பாதியில் நின்று பிழைக்குறி காட்டுவதும் இதனால்தான். தண்ணீர் உள்ளே நுழையும் குழாயின் முனையில் ஒரு சின்னக் கம்பி வலையும் உண்டு. தொட்டி கழுவிய மறுநாள் அதில் மண்ணும் துருவும் அடைத்திருக்கும். பம்பை மாற்றச் சொல்பவர் அந்த வலையைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

பவுடரும் லேசுப்பட்டதல்ல. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலர் இதை நேரில் அனுபவித்திருப்பார்கள். 2010 ஜூலையில் பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் டிஷ்வாஷர் பவுடரில் பாஸ்பேட் கலப்பதற்குத் தடை வந்தது. ஏரிகளிலும் ஆறுகளிலும் பாசி பெருகுவதைத் தடுக்க வந்த நல்ல சட்டம் அது. ஆனால் முந்தின மாதம் வரை நன்றாக இருந்த தட்டுகளில் திடீரென்று வெள்ளைப் படலம். இயந்திரம் கெட்டு விட்டதென்று நினைத்து மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள், புது இயந்திரமே வாங்கியவர்கள் எல்லாம் உண்டு. அதற்கு முன்பே, 2008-இல் வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் பகுதியில் தடை வந்தபோது, பக்கத்து மாநிலமான ஐடஹோவுக்குக் கார் ஓட்டிப் போய்ப் பழைய பவுடரை வாங்கி வந்தவர்களும் இருந்தார்கள்! நம் ஊரில் பவுடருக்கு எதிரி மழைக்காலம். ஜூலை மாதத்து மும்பைக் காற்றில் பவுடர் கல்லாகி விடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

இவ்வளவும் செய்து சரியாகாத பழுதும் உண்டு. சூடாக்கும் பகுதி எரிந்து போகலாம், பீய்ச்சும் கை உடையலாம். அப்போதுதான் உண்மையான அநியாயம் தொடங்குகிறது. ஒரு பிளாஸ்டிக் கை வேண்டுமென்றால் “ஸ்டாக் இல்லை, வரும், வராது” என்று இரண்டு மாதம் அலைய விடுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் விதியைப் பாருங்கள். ஒரு டிஷ்வாஷர் மாடலின் விற்பனை நின்ற பிறகும் பத்து ஆண்டுகளுக்கு, பீய்ச்சும் கை, வடிகட்டி, கதவு ரப்பர் போன்ற பாகங்களைச் சாதாரண வாடிக்கையாளருக்கே விற்க வேண்டும். பதினைந்து வேலை நாட்களுக்குள் அனுப்பியாக வேண்டும். அந்த ஐரோப்பியக் கம்பெனிகளில் சில இங்கும் கடை விரித்திருக்கின்றன. ஜெர்மன்காரருக்குக் கிடைக்கும் வடிகட்டி மாஹிம்காரருக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

நம் மத்திய அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பழுது பார்க்கும் உரிமைக்கென்று 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தார்கள், அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். எந்தப் பொருள் எவ்வளவு எளிதில் பழுது பார்க்கத் தக்கது என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான அறிக்கை 2025-இல் தயாரானது. முதலில் கைப்பேசியும் டேப்லெட்டும் என்கிறார்கள். அடுக்களைப் பொருள்களுக்கு முறை எப்போது? 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பாகம் கிடைக்காதவர்கள் எல்லோரும் அதில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் சொன்னால் முணுமுணுப்பு, நூறு பேர் சொன்னால் கணக்கில் ஏறும்.

“போகட்டுமே, மிச்சத்தை வேலைக்காரம்மா தேய்த்து விடுவாள்” என்று சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இயந்திரம் வந்ததும் அந்த அம்மாளின் சம்பளத்தைக் குறைத்த வீடுகளை எனக்குத் தெரியும். இப்போது இயந்திரம் கழுவாத பாத்திரத்தையும் அதே குறைந்த சம்பளத்துக்கு அவர் தலையில் கட்டுவது எந்த ஊர் நியாயம்? அவர் இல்லாத வீட்டில் அந்தச் சுமை மனைவி மேலோ மாமியார் மேலோ விழுகிறது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தால் இரட்டை வேலை என்ற விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றை இதற்குத் தாருங்கள். மிக்சி, வாஷிங் மெஷின் என்று எதையும் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த நம் இளைஞர்கள் தாராவியில் இருக்கிறார்கள். உரிய கட்டணம் கொடுத்து அவர்களில் ஒருவரை அழைப்போம். உறுப்பினர்கள் தத்தம் வீட்டு வடிகட்டியையும் பீய்ச்சும் கையையும் கழற்றிக் கொண்டு வரட்டும். கழற்றத் தெரியாதவர்கள் கையேட்டோடு வரட்டும். அழைப்பிதழில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்தால் நல்லது: கணவன்மார் நேரில் வரவேண்டும், மனைவியரை அனுப்பக் கூடாது.