குளத்து மண்ணும் குடியிருப்பும்

கோவையில் பூமி நடுங்காதாம்! 1900 பிப்ரவரி 8-ந் தேதி இந்தக் கொங்குச் சீமை குலுங்கியதை மறந்தவர்கள் பேசும் பேச்சு அது. ஏறத்தாழ 6 ரிக்டர் அளவு, தோழர்களே!

நடுக்கம் தொலைவில் பிறந்தாலும் காலடி மண் சும்மா இராது. பாறையில் விரைந்துவரும் அலை, ஆழமான வண்டலில் ஏறியதும் வேகம் குறைந்து வீச்சுப் பெருக்கும். மண்ணின் ஆட்டமும் மாடியின் ஆட்டமும் ஒத்துப்போனால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளிய கதைதான். 1985-ல் மெக்சிகோ நகரில், 350 கிலோமீட்டருக்கு அப்பால் எழுந்த நடுக்கத்தில், பழைய ஏரிப்படுகையில் நின்ற மாடிகள் மடிந்தன. 2001-ல் புஜ் நடுங்க, 200 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சாய்ந்தன. கட்டியவர் குறையும் உண்டு. சபர்மதி வண்டலும் கூட்டுச் சேர்ந்தது.

சிங்காநல்லூர் குளத்தோரம் நொய்யல் சேர்த்த வண்டல் எத்தனை அடி? ஆலைத் தொழிலாளி ஆயுள் சேமிப்பைக் கொட்டி வாங்கும் வீட்டுக்கு அடியில் பாறை எங்கே? துளையிட்டுப் பார்த்த கணக்கை அவன் கையில் கொடுங்கள் என்கிறோம். வரைபடத்தில் முத்திரை குத்தும் அதிகாரி முதலில் அந்தத் தாளைக் கேட்கட்டும்.