எது குற்றம் என்று முன்பே தெரிய வேண்டும்

ஒருவரைத் தண்டிக்க வேண்டுமென்றால், அவர் அந்தச் செயலைச் செய்த நாளன்றே அது குற்றம் என்று சொல்லும் சட்டம் நடைமுறையில் இருந்திருக்க வேண்டும். அன்றைக்கு இருந்ததைவிடக் கூடுதல் தண்டனையும் விதிக்கக் கூடாது. அரசியல் சட்டத்தின் 20(1)-வது பிரிவு சொல்வது இதைத்தான். ஆனால் ஒரு சட்டம் 'இருக்கிறது' என்று எப்போது சொல்லலாம்?

ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் 1923-ஆம் ஆண்டு அபினிச் சட்டம் அமைச்சரவைத் தீர்மானத்தோடு நின்றுவிட்டது, யாருக்கும் அறிவிக்கவில்லை. அதன்கீழ் ஒருவருக்குப் போட்ட 50 ரூபாய் அபராதம் உச்ச நீதிமன்றம்வரை போய், 1951-இல் ரத்தானது. ஊரறியச் சொல்லாதது சட்டமாகாது என்பது தீர்ப்பின் சாரம்.

சொன்னால் மட்டும் போதாது, புரியவும் வேண்டும். கேரளப் போலீஸ் சட்டத்தின் 118(டி) பிரிவு, பேச்சாலோ போனாலோ செய்தியாலோ அநாகரிகமாக ஒருவருக்குத் தொந்தரவு தருவதைக் குற்றமாக்கியது. மூன்று ஆண்டுவரை சிறை. எது தொந்தரவு? ஸ்டேஷனில் இருப்பவர் நினைப்பதுதான்! 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ-வோடு இதுவும் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அப்படியும் பாடம் மனதில் நிற்கவில்லை. 2020 நவம்பரில் 118ஏ என்று அதே சாயலில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெறப்பட்டது.

கேரளத்தின் தேவிகுளம், பீர்மேடு, சித்தூர்ப் பக்கத்துத் தமிழருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. மலையாளம் சரளமாகப் பேசுபவர்கூட அதை வாசிக்கத் திணறலாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதியென அறிவித்த இடங்களிலுள்ள அலுவலகங்களுக்கும் தமிழில் எழுத வழிவிட்டது. மனு எழுத அது உதவும். கைதானவருக்குக் கைகொடுப்பவை வேறு தீர்ப்புகள். 1962-இல் ஹரிகிஷன் வழக்கில், தடுப்புக் காவலுக்கான காரணங்களைத் தெரியாத ஆங்கிலத்தில் கொடுத்ததற்காகவே அவரை விடுவித்தார்கள். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாக்கியது: எந்த வழக்கானாலும் கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும்.

ஆகவே, தமிழில் எழுதித் தாருங்கள் என்று தயங்காமல் கேளுங்கள். உடனே எழுத முடியாத நிலையில் போலீஸார் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு 2 மணி நேரம் முன்பாவது காகிதம் கைக்கு வந்தாக வேண்டும். வரவில்லையென்றால் அந்த மாஜிஸ்திரேட்டிடமே சொல்லுங்கள்.